பல் சீலண்ட்: எந்தப் பல்லுக்கு எந்தப் பொருள், எப்படி முடிவு செய்வது?

குழந்தைக்கு ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசை முடியும் இடத்துக்குப் பின்னால் ஒரு புதுப் பல் மெல்ல எட்டிப் பார்க்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பல பெற்றோர் அதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும், இதுவும் பால் பல்தான், எப்படியும் விழப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வரும், ஆயுசுக்கும் இருக்க வேண்டியவை. முளைத்த முதல் சில ஆண்டுகளில்தான் அவற்றில் சொத்தை விழும் ஆபத்து அதிகம்.

காரணம் அந்தப் பல்லின் மெல்லும் பரப்பு. வெளியிலிருந்து பார்த்தால் நாலைந்து மேடுகளும் இடையில் கோடுகளும் தெரியும். அந்தக் கோடுகள் வெறும் கோடுகள் அல்ல, பள்ளங்கள். பல்லைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சில பள்ளங்கள் வாய் அகன்று, அடி குறுகி இருக்கும். சிலவற்றுக்கு வாய் மிகக் குறுகல், உள்ளே போனால் அடியில் பை மாதிரி விரிந்திருக்கும். இந்த இரண்டாவது வகையின் வாய்க்குள் பிரஷ்ஷின் ஒற்றை இழைகூட நுழையாது. உணவுத் துணுக்கும் கிருமிகளும் நுழைந்துவிடும். எவ்வளவு ஒழுங்காகப் பல் துலக்கும் குழந்தையாக இருந்தாலும் அந்த அடிப்பகுதி சுத்தமாவதில்லை. ஃபுளோரைடு பற்பசையும் பல்லின் வழவழப்பான பக்கங்களைக் காக்கிற அளவுக்கு இந்தப் பள்ளங்களைக் காப்பதில்லை.

அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே மூடிவிடுவதுதான் சீலண்ட். பல்லைத் துளைக்க வேண்டியதில்லை, ஊசி வேண்டாம், வலியும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது இது: பத்துச் சொத்தைகளில் ஒன்பது வருவது பின்பற்களில். சீலண்ட் போட்டால் முதல் 2 ஆண்டுகளுக்கு அந்தப் பற்களின் சொத்தையில் 80 சதவீதம் வரை தடுக்கலாம், 4 ஆண்டுகள் வரை பார்த்தாலும் பாதியைத் தடுக்கலாம். இவ்வளவு எளிய சிகிச்சைக்கு இது பெரிய பலன்.

சரி, எந்தப் பொருளைப் போடுவது? ரெசினா (பிளாஸ்டிக் போல இறுகும் பொருள்), கிளாஸ் அயனோமரா (ஒரு வகை சிமென்ட்), இரண்டும் கலந்ததா? பெரும்பாலானோர் கேட்பது "எது பெஸ்ட்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பல்லை, இன்றைக்கு, எச்சில் படாமல் சில நிமிடம் உலர்வாக வைக்க முடியுமா? அதற்கான பதில்தான் பொருளைத் தீர்மானிக்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: எந்தப் பல்லுக்கு, எப்போது

முதல் கடைவாய்ப் பல்லுக்கு 6 வயதை ஒட்டியும், இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு 12 வயதை ஒட்டியும் போடுவது வழக்கம். வயதைவிடப் பல் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சில குழந்தைகளுக்கு ஒரு வருடம் முன்பின் ஆகும். இரண்டாம் கடைவாய்ப் பல் வருகிற வயதில் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிடுவார்கள், பெற்றோரும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார்கள். அதனால் அந்தப் பல் அதிகம் தவறிப் போகிறது. 11 வயதிலிருந்தே அதற்காக ஒரு கண் வைத்திருங்கள்.

எல்லாப் பல்லுக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அவசரம் கிடையாது. ஏற்கனவே பால் பல்லில் சொத்தை வந்த குழந்தை, அடிக்கடி இனிப்பு சாப்பிடுகிற குழந்தை, பல் கம்பி கட்டியிருப்பவர், மருந்துகளால் வாய் வறண்டு போகிறவர், உடல் அல்லது மனநலக் காரணங்களால் பிறர் உதவியில்லாமல் பல் துலக்க முடியாதவர் ஆகியோருக்குத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். பள்ளம் மேலோட்டமாக, அகலமாக இருந்து, பல் முளைத்துப் பல ஆண்டுகள் சொத்தையே இல்லாமல் இருந்தால், போடாமல் கண்காணித்தாலே போதும் என்று டாக்டர் சொல்லலாம். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு இடங்கள் அடிக்கடி மறக்கப்படுகின்றன. கீழ்க் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்தில் ஒரு சிறு குழி இருக்கும். மேல்க் கடைவாய்ப் பல்லின் அண்ணப் பக்கத்தில் ஒரு பள்ளம் இறங்கி வரும். மெல்லும் பரப்பை மட்டும் மூடிவிட்டு இவற்றை விட்டுவிட்டால் சொத்தை அந்த வழியாக நுழையும். சீலண்ட் போடும் டாக்டரிடம், "பக்கவாட்டுக் குழிக்கும் சேர்த்துப் போடுவீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

படி 2: பல் ஏற்கனவே கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது

சீலண்ட் போடுமுன் பல்லைச் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஆரம்பச் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. உலர்த்தினால்தான் பள்ளத்தின் விளிம்பில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ அது தெரியவரும். முன்பெல்லாம் கூர்மையான கம்பியைப் பள்ளத்துக்குள் அழுத்தி, ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது அந்த முறை வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் மென்மையாகியிருக்கும் எனாமலை (பல்லின் கடினமான வெளி அடுக்கு) அந்தக் கம்பியே உடைத்து ஓட்டையாக்கிவிடலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

எனாமல் உடைந்து, சொத்தை அதன் அடியில் இருக்கும் டென்டின் அடுக்கு வரை போய்க் குழி விழுந்திருந்தால் சீலண்ட் பயன்படாது, அதற்குச் சொத்தையை எடுத்து அடைக்க வேண்டும். ஆனால் நிறம் மட்டும் மாறி, குழி விழாத ஆரம்பச் சொத்தையின் மேல் தாராளமாகப் போடலாம். "சொத்தையை உள்ளே வைத்து மூடிவிட்டால் அது உள்ளுக்குள்ளேயே பரவாதா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. நியாயமான பயம்தான், ஆனால் நடப்பது நேர்மாறு. உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காது. சர்க்கரை இல்லாமல் அவை அமிலம் உண்டாக்க முடியாது, எண்ணிக்கையும் குறைந்துபோகும். சொத்தை அங்கேயே நின்றுவிடும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நல்ல பல்லுக்கும் குழி விழாத ஆரம்பச் சொத்தைக்கும் சேர்த்தே சீலண்டைப் பரிந்துரைக்கிறது. ஒரே நிபந்தனை, சீலண்ட் முழுதாக மூடியிருக்க வேண்டும். அதனால் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 3: பல்லை உலர்வாக வைக்க முடியுமா

இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலான சீலண்டுகளின் தலைவிதி முடிவாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். மேல்க் கடைவாய்ப் பற்களுக்கு நேராக ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அதுதான். இன்னொரு ஜோடி, நாக்கின் அடியில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால் திறக்கிறது. ஆக, சீலண்ட் போட வேண்டிய மேல்க் கடைவாய்ப் பற்களுக்குப் பக்கத்திலேயே எச்சில் ஊற்று இருக்கிறது. கீழ்ப் பற்களைச் சுற்றி எச்சில் தேங்குகிறது, போதாததற்கு நாக்கு வேறு வந்து தொடும்.

ரெசின் ஒட்ட வேண்டுமென்றால் எனாமலை அமிலத்தால் பதப்படுத்த வேண்டும். பதப்படுத்திய எனாமலில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும், ரெசின் அவற்றுக்குள் வேர் விடுகிற மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எச்சில் பட்டால், ஒரு விநாடி பட்டாலும்கூட, எச்சிலில் உள்ள புரதம் ஒரு மெல்லிய படலமாக அந்தத் துளைகளை மூடிவிடும். தண்ணீரால் கழுவினால் அந்தப் படலம் போகாது. அதன் மேல் ரெசினைப் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் பெயர்ந்து வந்துவிடும். எச்சில் பட்டுவிட்டால் மறுபடி அமிலம் வைத்துக் கழுவி, உலர்த்தித்தான் தொடர வேண்டும்.

அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் இவற்றைப் பாருங்கள். பல் முழுதாக வெளியே வந்துவிட்டதா, இல்லை பின்பக்கம் இன்னும் ஈறு மூடியிருக்கிறதா? ஈறு மடிப்பு பல்லின் மேல் படுத்திருந்தால் அதன் அடியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். குழந்தை சில நிமிடம் வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்குமா? குமட்டல் அதிகமா? டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு உதவியாளர் இருக்கிறாரா? நான்கு கைகள் சேர்ந்து போட்ட சீலண்ட், இரண்டு கைகளால் போட்டதைவிட நன்றாக நிலைக்கிறது. ஒருவர் எச்சிலை உறிஞ்சி, நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பல்லை மட்டும் கவனிப்பதுதான் இதன் ரகசியம்.

உலர்வாக வைக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டுவது ஒரு வழி. பஞ்சு உருளை, கன்னத்தில் ஒட்டும் முக்கோண உறிஞ்சு அட்டை, உறிஞ்சு குழாய் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது இன்னொரு வழி. இரண்டும் நல்ல முறைகளே. பஞ்சு நனைந்ததும் மாற்றுகிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

படி 4: பொருள்களை ஒப்பிடுவது

முதலில் ரெசின். 1955-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி எனாமலில் வைத்தால் அக்ரிலிக் பிளாஸ்டிக் அதில் நன்றாக ஒட்டுகிறது என்று காட்டினார். இன்றைய ரெசின் சீலண்ட் முழுக்க அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. அமிலத்தின் அளவு மட்டும் 35 முதல் 37 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. அப்புறம் ரஃபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசின் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த முதல் சீலண்டுகள் புற ஊதாக் கதிரால் இறுகின. இப்போதையவை நீல ஒளியால் இறுகுகின்றன.

ரெசினின் பலம், நிலைத்து நிற்பது. பல் மருத்துவர் ரிச்சர்ட் சைமன்சென் ஒரே ஒரு தடவை சீலண்ட் போட்ட குழந்தைகளை 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1991-ல் எழுதினார். நிரந்தர முதல் கடைவாய்ப் பற்களில் சுமார் 28 சதவீதத்தில் சீலண்ட் முழுதாகவும், 35 சதவீதத்தில் பகுதியாகவும் அப்படியே இருந்தது. சீலண்ட் போட்ட பரப்புகளில் 31 சதவீதம்தான் சொத்தையாகியோ அடைக்கப்பட்டோ இருந்தன. போடாத குழந்தைகளின் பற்களில் அது 83 சதவீதம். நடுவில் ஒருமுறைகூடச் சரிசெய்யாமலே இந்தப் பலன் என்பதைக் கவனியுங்கள். பலவீனம் நாம் பார்த்ததுதான்: ஈரத்தை அது கொஞ்சமும் தாங்காது.

ரெசினுக்குள்ளேயும் வகைகள் உண்டு. கண்ணாடித் துகள் கலக்காதது தண்ணீராக ஓடும், பள்ளத்துக்குள் நன்றாக இறங்கும். கடியில் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் சில நாளில் தானே தேய்ந்து சரியாகிவிடும். துகள் கலந்தது தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கடி உயர்ந்தால் டாக்டர்தான் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிந்ததைவிட வெள்ளையை நான் விரும்புவேன். ஆறு மாதம் கழித்து, சீலண்ட் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெற்றோருக்கும் தெரியும். தெளிந்ததில் அடியில் இருக்கும் பல்லின் நிறமாற்றத்தைக் கவனிக்கலாம் என்பது ஒரு வாதம். அது ஆரம்பச் சொத்தையைத் தொடர்ந்து பார்க்க நினைக்கும் டாக்டருக்கு உதவும், மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. "ஃபுளோரைடு கலந்த ரெசின்" என்ற அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் சில நாட்களில் கொஞ்சம் வெளிவிடும், பிறகு மிகவும் குறைந்துவிடும். நிலைத்து நிற்பதுதான் ரெசினின் வேலை, ஃபுளோரைடு கொடுப்பது இல்லை.

அடுத்தது கிளாஸ் அயனோமர். இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்ற விஞ்ஞானிகள் இருவரும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் அறிவித்த சிமென்ட் இது. ஒரு வகைக் கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் சேர்ந்து இறுகும். ரெசின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கிறது என்றால், இது பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டுகிறது. லேசான ஈரம் இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால், பல்லை முழுக்கக் காய வைத்தால்தான் இதற்கு ஆகாது. ஃபுளோரைடை வெளிவிடும். பற்பசையிலிருந்தும், டாக்டர் பல்லில் தடவும் ஃபுளோரைடு வார்னிஷிலிருந்தும் ஃபுளோரைடை மறுபடி உறிஞ்சி வைத்துக்கொண்டு திரும்ப வெளிவிடவும் செய்யும்.

நிலைத்து நிற்பதில் இது மிகவும் பின்தங்கியது. 2016 வழிகாட்டுதலுக்காகத் தொகுத்த ஆய்வுகளில், 2 முதல் 3 ஆண்டுகளில் கிளாஸ் அயனோமர் பெயர்ந்துபோகும் வாய்ப்பு ரெசினைப்போல 5 மடங்காக இருந்தது. 2012-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் 5 ஆண்டு கழித்து முழுதாக நின்றவை, ஒளியில் இறுகும் ரெசினில் சுமார் 84 சதவீதம், கிளாஸ் அயனோமரில் சுமார் 5 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்தவுடன் கிளாஸ் அயனோமரைத் தூக்கி எறியத் தோன்றும். அவசரப்படக் கூடாது. சொத்தையைத் தடுத்ததா என்று பார்த்த ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. மேலே பெயர்ந்துவிட்டது போலத் தெரிந்த பற்களை நுண்ணோக்கியில் பார்த்தால், பள்ளத்தின் அடியில் கிளாஸ் அயனோமர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. சொத்தை தொடங்கும் இடம் அந்த அடிதானே! அதோடு, சுற்றியுள்ள எனாமலும் அதுவரை கிடைத்த ஃபுளோரைடால் கொஞ்சம் வலுப்பெற்றிருக்கும். இதனால்தான் அந்த வழிகாட்டுதல் எந்தப் பொருளையும் மற்றதைவிட உயர்ந்தது என்று வரிசைப்படுத்தவில்லை. உலர்வாக வைக்க முடிந்தால் ரெசின், முடியாவிட்டால் கிளாஸ் அயனோமர் என்ற திசையைத்தான் காட்டுகிறது.

கிளாஸ் அயனோமரிலும் இரண்டு விதம். தண்ணீர்ப்பதமாக ஓடுவது ஒன்று. ஜிசி நிறுவனத்தின் ஃபியூஜி ட்ரையேஜ் அந்த வகை. பாதி முளைத்த பல்லின் மேல் வைக்க ஏற்றது. கெட்டியானது இன்னொன்று. ஃபியூஜி 9, கீட்டாக் மோலார் போன்றவை இந்த வகை. இதைக் கையுறை விரலால் அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். மின்சாரமோ ஒளிக் கருவியோ இல்லாத இடத்திலும் செய்துவிடலாம் என்பதால் பள்ளி முகாம்களுக்கு இது மிகவும் கைகொடுக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் சில பொருள்கள் இருக்கின்றன. ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர், ஒளியில் இறுகும். தனிக் கிளாஸ் அயனோமரைவிடக் கொஞ்சம் நிலைக்கும், ரெசின் அளவுக்கு வராது. காம்போமர் என்பது ரெசின் பக்கம் சாய்ந்த கலவை, சீலண்டாகத் தனிச் சிறப்பு எதையும் காட்டவில்லை. ஷோஃபு நிறுவனத்தின் பியூட்டிசீலண்ட் போன்ற ஜயோமர் வகை, தனியாக அமிலம் வைத்துக் கழுவாமல் பல்லை ஒட்டுவதற்குத் தயார்படுத்தும் ஒரு திரவத்தை (பிரைமர்) தடவிவிட்டு மேலே போடுவது. படி குறைகிறது, பொறுமையில்லாத குழந்தைக்கு நல்லது. ஆனால் பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் உண்டாக்கும் பிடிப்பை இந்த மென்மையான பிரைமர்கள் எட்டுவதில்லை. ஈரத்தைத் தாங்கும் ரெசின் என்று எம்ப்ரேஸ் வெட்பாண்ட் போன்றவையும் உண்டு. லேசான ஈரப்பதத்தில் ஒட்டும்படி தயாரிக்கப்பட்டவை. இங்கே ஒரு எச்சரிக்கை. ஈரத்தைத் தாங்கும் என்றால் எச்சிலில் மிதக்கலாம் என்று பொருளில்லை. பளபளப்பாக ஈரம் தெரியலாம், குளம்போல நிற்கக் கூடாது.

இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கும் விதம் இது. முழுதாக முளைத்த பல், ஒத்துழைக்கும் குழந்தை, உதவியாளர் இருக்கிறார் என்றால் ஒளியில் இறுகும் வெள்ளை ரெசின். பாதி முளைத்த பல், ஆனால் சொத்தை ஆபத்து அதிகம் என்றால் இப்போதைக்குக் கிளாஸ் அயனோமர், பல் முழுதாக வெளிவந்ததும் ரெசின். எனாமல் சரியாக உருவாகாமல் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளுடன் முளைக்கும் கடைவாய்ப் பற்கள் சில குழந்தைகளுக்கு உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். அவற்றில் ரெசின் சரியாகப் பிடிக்காது, காற்றடித்து உலர்த்துவதும் வலிக்கும். அங்கேயும் முதலில் கிளாஸ் அயனோமர்தான். வாயைத் திறக்கவே பயப்படும் குழந்தையிடம் ரெசினுக்காகப் போராடுவதைவிட, விரலால் அழுத்திப் போடும் கிளாஸ் அயனோமரோ ஃபுளோரைடு வார்னிஷோ எவ்வளவோ மேல். அடுத்த முறை அந்தக் குழந்தை பயமில்லாமல் வரும்.

வார்னிஷைப் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸில் நடந்து 2017-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 6 மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் தடவிய குழந்தைகளுக்கும் சீலண்ட் போட்ட குழந்தைகளுக்கும் 3 ஆண்டுகள் கழித்துச் சொத்தையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 6 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். வர முடியாத குடும்பத்துக்குச் சீலண்ட்தான் நம்பகமானது.

படி 5: போடும்போது நடப்பது

ரெசின் என்றால்: பல்லை பிரஷ்ஷாலோ பியூமிஸ் தூளாலோ சுத்தம் செய்வார்கள். பஞ்சு வைத்து ஒதுக்கி, காற்றடித்து உலர்த்துவார்கள். நீலமோ பச்சையோ நிறத்தில் ஒரு ஜெல்லைப் பள்ளங்களில் வைப்பார்கள், அதுதான் அமிலம். 15 முதல் 30 விநாடி. நாக்கில் பட்டால் புளிக்கும் என்று குழந்தையிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் திடுக்கிடாது. பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவி உறிஞ்சிவிட்டு, நனைந்த பஞ்சை மாற்றி, மறுபடி உலர்த்துவார்கள்.

இப்போது பல்லைப் பாருங்கள். பளபளப்பு போய், சுண்ணாம்பு வெண்மையில் மங்கலாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அமிலம் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது எச்சில் பட்டுவிட்டது. திரும்பச் செய்ய வேண்டும். இந்த வெண்மையைப் பார்த்துவிட்டு, எச்சில் கலக்கும் சந்தேகம் இருந்தால் ஒட்டவைக்கும் திரவத்தை (பாண்டிங்) ஒரு மெல்லிய படலமாகத் தடவி, அதன் மேல் சீலண்டைப் போடுகிறவர்கள் உண்டு. பிடிப்பை அது கூட்டுகிறது.

சீலண்டைப் பள்ளத்தின் ஒரு முனையில் விட்டு மறுமுனைக்கு ஓட விடுவார்கள். அப்போதுதான் காற்றுக் குமிழி சிக்காது. சில விநாடி உள்ளே இறங்க விட்டு, நீல ஒளியைப் பல்லுக்கு மிக அருகில் பிடிப்பார்கள். பெரும்பாலான பொருள்களுக்குப் பரப்புக்கு 20 விநாடி. ஒளியைத் தூரத்தில் பிடித்தால் அடிப்பகுதி இறுகாமல் போகும். அந்த ஒளியை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

கிளாஸ் அயனோமரில் வேறு மாதிரி. பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதில் மென்மையான பாலிஅக்ரிலிக் அமிலத்தைச் சில விநாடி தடவிக் கழுவிவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். பல் லேசாகப் பளபளக்க வேண்டும். கலந்த சிமென்டை உடனே வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்தி, பிதுங்கியதை எடுத்துவிட்டு இறுகும்வரை சில நிமிடம் காத்திருப்பார்கள். கடைசியில் மேலே வாசலினோ வார்னிஷோ பூசுவார்கள். புதிதாக இறுகும் சிமென்ட் எச்சிலில் கரையாமலும் காய்ந்து வெடிக்காமலும் இருக்க அது அவசியம். அதன்பின் ஒரு மணி நேரம் எதையும் மென்று சாப்பிடக் கூடாது. ரெசினுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

படி 6: நாற்காலியை விட்டு எழும்முன்

ரெசின் இறுகியதும் மேலே மெல்லிய பிசுபிசுப்பு மிச்சம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த மேல்படலத்தை இறுக விடாது. அதை ஈரப்பஞ்சால் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும். பெற்றோர் கவலைப்படும் பிபிஏ (பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள்) விஷயம் இங்கேதான் வருகிறது. சில ரெசின்களில், குறிப்பாக பிஸ்-டிஎம்ஏ என்ற மூலப்பொருள் கலந்தவற்றில், எச்சிலின் நொதிகளால் மிகச் சிறிதளவு பிஸ்பீனால் ஏ உண்டாகலாம். பிஸ்-ஜிஎம்ஏ அப்படி எளிதில் உடைவதில்லை. உண்டாகும் அளவு மிகக் குறைவு, சீலண்ட் போட்ட முதல் சில மணி நேரத்தோடு முடிந்துவிடுவது. துடைப்பதும் கொப்பளிப்பதும் அதையும் குறைத்துவிடும். அதற்கு மேலும் மனம் ஒப்பவில்லை என்றால் கிளாஸ் அயனோமரில் இந்தக் கேள்வியே எழாது. அதையே கேளுங்கள்.

அடுத்து டாக்டர் கூர்முனையால் சீலண்டின் ஓரத்தை நெம்பிப் பார்க்க வேண்டும். பெயர்ந்தால் இப்போதே பெயரட்டும், திரும்பப் போட்டுவிடலாம். குமிழி இருந்தால் நிரப்ப வேண்டும். கடி உயர்ந்திருக்கிறதா என்று வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். குழந்தை "ஏதோ இடிக்கிறது" என்றால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். பற்களுக்கு இடையில் சீலண்ட் வழிந்து ஒட்டியிருக்கிறதா என்பதை ஒரு ஃபிளாஸ் நூல் காட்டிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் தனியாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பல் துலக்குவது, ஃபுளோரைடு பற்பசை, இனிப்பின் எண்ணிக்கையைக் குறைப்பது எல்லாம் வழக்கம்போல. சீலண்ட் பள்ளத்தை மட்டும்தான் மூடுகிறது, இரண்டு பற்களுக்கு நடுவில் வரும் சொத்தையை அது தடுக்காது.

படி 7: திரும்பப் பார்ப்பது

எந்தப் பொருளானாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கிளாஸ் அயனோமர் என்றால் 6 மாதமே சரி. நன்றாகப் போடாத ரெசின் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முதல் பரிசோதனையைத் தாண்டி நின்றது பல ஆண்டுகள் நிற்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். மொபைல் டார்ச் வெளிச்சத்தில் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி, பள்ளத்தின் மேல் வெள்ளைக் கோடு முழுநீளத்துக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு காணவில்லை என்றால் பதற வேண்டாம். பகுதி பெயர்ந்த சீலண்ட் உள்ள பல், சீலண்டே போடாத பல்லைவிட அதிக ஆபத்தில் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "அரைகுறையாக இருப்பதற்குப் போடாமலே இருந்திருக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. காணாமல் போன இடத்தில் மட்டும் சுத்தம் செய்து, அமிலம் வைத்து, மறுபடி போடுவார்கள். இருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. ஓரத்தில் புதிதாகப் பழுப்புக் கோடு தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

பல் பாதி முளைத்திருந்தபோது கிளாஸ் அயனோமர் போட்டிருந்தால், இப்போது ஈறு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ரெசினுக்கு மாறலாமா என்று கேட்கும் நேரமும் இதுதான். அப்படியே, பக்கத்தில் வேறு ஏதாவது புதுப் பல் முளைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.